எலி பாஸ்... முயல் ஃபெயில்! கர்ப்பகால மருந்துக்கு இரண்டு சோதனை ஏன்?

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துக் காகிதத்தைப் பிரித்துப் படித்ததுண்டா? பல மருந்துகளில், 'கர்ப்பகாலம்' என்ற பகுதியில் எலி, முயல் இரண்டிலும் நடந்த சோதனை பற்றி ஒரு குறிப்பு இருக்கும். எலி மட்டும் போதாதா? போதாது என்பதை உலகம் கற்றுக்கொண்டதன் பின்னால் ஒரு பெரும் சோகம் இருக்கிறது.

தூக்க மாத்திரை தந்த துயரம்

1957 அக்டோபரில், மேற்கு ஜெர்மனியின் க்ரூனென்தால் நிறுவனம் 'கான்டர்கன்' என்ற தூக்க மாத்திரையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதிலிருந்த மருந்தின் பெயர் தாலிடோமைடு. அளவுக்கு மீறிக் கொடுத்தும் எலிகள் சாகாததால், மிகப் பாதுகாப்பானது என்று நம்பப்பட்டது. மசக்கை வாந்திக்கும் கர்ப்பிணிகள் அதைச் சாப்பிட்டார்கள்.

கை, கால் முழுதாக வளராத குழந்தைகள் அடுத்தடுத்துப் பிறந்தன. காரணம் இந்த மாத்திரைதான் என்று ஹாம்பர்க்கைச் சேர்ந்த மருத்துவர் விடுகிண்ட் லென்ஸ் எச்சரிக்க, 1961 நவம்பரில் அது திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் உலகெங்கும் 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டிருந்தனர். அமெரிக்காவில், ஆதாரம் போதவில்லை என்று அனுமதி தர மறுத்து உறுதியாக நின்றார், மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி ஃபிரான்சஸ் கெல்சி.

எலி காட்டாததை முயல் காட்டியது

பிறகு கர்ப்பமான எலிகளுக்கு அதே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். குட்டிகளின் கை, கால்களில் அந்தக் குறைபாடு தெரியவில்லை. ஆனால், 1962-ல் நியூசிலாந்து வெள்ளை முயல்களிடம் சோதித்தபோது குட்டிகள் ஊனத்துடன் இருந்தன. அதாவது, எலியிடம் மட்டும் சோதித்திருந்தால் அந்த மருந்து தேறியிருக்கும்!

அதனால்தான் இன்று எலி போன்ற ஒரு கொறிக்கும் பிராணி, அதோடு பெரும்பாலும் முயல் என இரண்டு இனங்களில் சோதிக்கிறார்கள். உறுப்புகள் உருவாகும் நாள்களில் வெவ்வேறு அளவுகளில் மருந்து கொடுப்பார்கள். பிரசவத்துக்குச் சற்று முன்பே குட்டிகளை வெளியே எடுத்து, எடை, உள்ளுறுப்புகள் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். எலும்புகளுக்குச் சாயமேற்றி ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார்கள்.

ஒரே ஓர் அமினோ அமிலம்

எலி ஏன் தப்பியது? தாலிடோமைடு உடலில் 'செரிப்ளான்' என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது என்று 2010-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டறிந்தனர். சுண்டெலியின் செரிப்ளானில், முக்கியமான ஓரிடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மனிதர்களுடையதிலிருந்து மாறியிருப்பது பின்னர் தெரியவந்தது. அந்தச் சின்ன வித்தியாசமும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

தலைகீழாகவும் நடப்பதுண்டு. அதிக அளவு ஆஸ்பிரின் எலிக்குட்டிகளில் குறைபாட்டை உண்டாக்கும். ஆனால், ரத்த அழுத்தச் சிக்கல் வரக்கூடிய கர்ப்பிணிகளுக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரினை மருத்துவர்களே தருகிறார்கள். ஆக, விலங்குச் சோதனை ஓர் எச்சரிக்கை மணி. அது ஒலித்தால் கவனம் தேவை. ஒலிக்காவிட்டால் ஆபத்தே இல்லை என்று அர்த்தமல்ல.

கர்ப்பிணிகள் கவனத்துக்கு

தாலிடோமைடு தாக்கியது, கரு உருவான சுமார் 20-லிருந்து 36 நாள்களுக்குள். நாள் தள்ளிப்போயிருப்பதைப் பலர் அப்போதுதான் கவனிப்பார்கள். எனவே, குழந்தைக்குத் திட்டமிடும்போதே, சாப்பிடும் மருந்துகளை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். பழைய சீட்டைக் காட்டி மாத்திரை வாங்க வேண்டாம். அதேபோல வலிப்பு, தைராய்டு மாத்திரைகளைப் பயந்துபோய் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். அதுவும் தாய்க்கும் சேய்க்கும் ஆபத்துதான்.