பாலில் என்ன கலந்தீர்கள்?

ஆஸ்பத்திரி பில்லைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். ஊசி, டியூப், டயப்பர், அதற்குக் கீழே ஏதோ ஒரு சாஷே. "நல்ல பாக்டீரியாம்மா, தயிர்ல இருக்கிற மாதிரி. எல்லாக் குழந்தைக்கும் கொடுக்கிறதுதான்" என்றார் சிஸ்டர். அப்போது என் மகனைப் புதைத்துவிட்டு வந்திருந்தோம்.

28 வாரத்தில் பிறந்தவன். 940 கிராம். தையல் வலியோடு நான் பீய்ச்சிக் கொடுத்த பாலில் எதைக் கலந்தார்கள் என்று எனக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? "ரத்தத்துல கிருமி பரவிடுச்சு" என்றார்கள். என்ன கிருமி? கல்ச்சர் ரிப்போர்ட்டைக் கண்ணில் காட்டவே இல்லை.

அந்தப் பொடிதான் கொன்றது என்று நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்? அதைச் சொல்லும் காகிதம் அவர்கள் பீரோவில் அல்லவா இருக்கிறது!

2023-இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. டாக்டர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் எழுதியது. ஒரு கிலோவுக்கும் குறைவான குழந்தைக்கு எவிவோ என்ற புரோபயாடிக், அதாவது இதே போன்ற 'நல்ல பாக்டீரியா' கொடுத்திருக்கிறார்கள். ரத்தத்தில் கிருமி பரவி அந்தக் குழந்தை இறந்திருக்கிறது. அந்தக் கிருமியும் புட்டியில் இருந்த பிஃபிடோபாக்டீரியமும் ஒன்றே என்று மரபணுவைப் பரிசோதித்துச் சொன்னார்கள். 2014-இல் கனெக்டிகட்டில் இறந்த குறைமாதக் குழந்தைக்குக் கொடுத்த பொடியிலோ பூஞ்சை இருந்தது. அங்கே தேடினார்கள், கண்டுபிடித்தார்கள். இங்கே தேடியவர் யார்?

நன்மையே இல்லை என்று சாதிக்க வரவில்லை. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட குறைமாதக் குழந்தைகளிடம் செய்த ஆய்வில், குடல் அழுகும் என்.இ.சி. நோய் புரோபயாடிக் பெறாதவர்களிடம் 4.4 சதவீதம், பெற்றவர்களிடம் 2 சதவீதம்தான். ஒடிசாவில் 4,500-க்கு மேற்பட்ட குழந்தைகளிடம் செய்த ஆய்வும் நல்ல பலன் என்றே சொல்கிறது. ஆனால் அவை இரண்டு கிலோவுக்குக் குறையாத, 35 வாரமாவது நிறைந்த பிள்ளைகள். என் பிள்ளை அதில் பாதிகூட இல்லையே! இதையெல்லாம் எதிரே உட்கார வைத்துச் சொல்லியிருந்தால், ஒருவேளை நானே "கொடுங்க டாக்டர்" என்று கையெழுத்துப் போட்டிருப்பேன்.

கேட்கவில்லை. "உங்களுக்குப் புரியாதும்மா."

திண்டுக்கல்லில் ஒரு மெடிக்கலில் அதே சாஷேயை வாங்கிப் பார்த்தேன். உறையில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் எண்தான் இருக்கிறது. மருந்து லைசென்ஸ் எண் இல்லை. ஆக, அது உணவு! ஐ.சி.யூ.வில் கிடந்த பிள்ளைக்கு!

எங்கள் ரெட்டியார்சத்திரம் காய்கறி மகத்துவ மையத்தில் குழித்தட்டில் நிற்கிற கத்திரி நாற்றைக் காட்டி, இதுக்கு என்ன போட்டீங்க என்று கேட்டால் பதில் சொல்கிறார்கள். பெற்றவள் கேட்டால் செக்யூரிட்டியைக் கூப்பிடுகிறார்கள்.

கேஸ் ஷீட் நகல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். கேட்ட 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 விதி சொல்கிறது. பொங்கலுக்கு முன்னால் கொடுத்த மனு. சித்திரை பிறந்துவிட்டது. உங்கள் கடிகாரத்தில் 72 மணி நேரம் எப்போது முடியும், ஐயா?