உம்மா தனியாக வந்தால் யார் கேட்பது?

மட்டக்களப்புப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கு ஏறாவூரிலிருந்து ஒரு திறந்த மடல்



ஏறாவூரில் ஒரு பிள்ளை பிறந்தால் அரசாங்கத்தின் கண் அதன்மீது விழ நாளெடுப்பதில்லை. குடும்பநல உத்தியோகத்தர் வாசலுக்கே வருகிறார். நிறை பார்க்கிறார், பதிவேட்டில் புள்ளி வைக்கிறார், கோடு சரிந்தால் தாயிடம் காரணம் கேட்கிறார். பிறகு பாடசாலையில் தரம் 1, 4, 7, 10 என்று மருத்துவப் பரிசோதனை. அத்தோடு அந்தக் கண் மெல்ல மூடிக்கொள்கிறது. அது மறுபடி நன்றாகத் திறப்பது 35 வயதில், சீனியும் பிரஷரும் பார்ப்பதற்கு.

மனச்சிதைவு நோய், அதாவது ஸ்கிசோஃப்ரீனியா, பெரும்பாலும் தலைகாட்டுவது இந்த இடைவெளியில்தான். ஆண்களில் பதின்மவயதின் கடைசியிலிருந்து இருபதுகளின் நடுவரை. பெண்களில் சில வருடங்கள் பிந்தி. உலக சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கில் உலகம் முழுவதும் சுமார் 2 கோடி 40 இலட்சம் பேருக்கு இந்நோய் உண்டு. வளர்ந்தவர்களை மட்டும் எடுத்தால் 222 பேருக்கு ஒருவர். ஏறாவூரின் ஜும்ஆப் பள்ளி ஒன்றில் வெள்ளிக்கிழமை கூடும் ஜமாஅத்தை அந்த எண்ணால் பிரித்துப் பார்த்தாலே, இது அங்கொடை மனநல வைத்தியசாலையின் மதிலுக்குள் மட்டும் இருக்கும் சங்கதியல்ல என்பது விளங்கும்.

ஊர் "விசர்" என்று சொல்லும் கோலத்தில் இந்நோய் வீட்டுக்குள் நுழைவதில்லை. உடுப்பைக் கிழிப்பதும் கல்லெறிவதும் வந்தால் பின்னால் வருபவை, பலருக்கு வருவதேயில்லை. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் ஒரு பையனை நினைத்துக்கொள்ளலாம். இரவு மூன்று மணிக்கு அவனுடைய அறையில் லைட் எரிகிறது. பகல் லுஹர் பாங்கு சொல்லும்வரை படுக்கை. வாவிக்கரைக்குக் கூப்பிட வந்த கூட்டாளிமார் இரண்டு மூன்று தரம் வந்து பார்த்துவிட்டு நின்றுவிட்டார்கள். குளிக்கச் சொன்னால் எரிச்சல். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. ஒரு நாள் போனின் கமராவுக்கு மேல் பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறான். இன்னொரு நாள் சோற்றுப் பீங்கானைத் தள்ளிவைத்துவிட்டு, "இதுல என்ன போட்ட நீங்க உம்மா?" என்று கேட்கிறான். உம்மா பகிடி என்று நினைத்துச் சிரிக்கிறார். அவன் சிரிக்கவில்லை. அடுத்த நாளிலிருந்து தானே கடையில் வாங்கி, தானே பிரித்த பிஸ்கட்டைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை.

ஒவ்வொன்றுக்கும் வீட்டில் ஒரு விளக்கம் தயாராக இருக்கிறது. நித்திரை இல்லையென்றால் சோதனை டென்ஷன். பேச்சு இல்லையென்றால் காதல் விவகாரம். தனக்குள் முணுமுணுத்தால் கண்ணூறு, சூனியம், ஜின். இந்த விளக்கங்கள் அறியாமையால் மட்டும் வந்தவை என்று சொல்லிவிட முடியாது. தாய் தகப்பன் மனம் தன் பிள்ளைக்கு எது இலேசானதோ அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்ளும்; படித்த வீடு, படிக்காத வீடு என்று இதில் பேதமில்லை.

ஏறாவூருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 1990 ஓகஸ்ட்டில் இந்த ஊரில் ஒரே இரவில் நூற்றுக்கு மேற்பட்டோர் வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்டார்கள். அன்று பிள்ளைகளாக இருந்தவர்கள்தான் இன்று இருபது வயதுப் பிள்ளைகளின் பெற்றோர். 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நாடெங்கும் முஸ்லிம் வீடுகளுக்குள் சோதனை நடந்ததையும் எல்லோரும் பார்த்தார்கள். அப்படியான ஊரில் ஒரு மகன் "என்னப் பின்தொடர்றாங்க, போன ஒட்டுக்கேக்கிறாங்க" என்றால், அது நோயின் குரல் என்று எந்த வாப்பாவுக்கு உடனே தோன்றும்? ஜன்னலைச் சாத்தத்தான் தோன்றும்.

அப்படியானால் எதை வைத்துப் பிரித்தறிவது? பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு அல்ல, போன வருடம் இதே பிள்ளை எப்படி இருந்தான் என்பதோடு ஒப்பிட்டு. சிறுவயதிலிருந்தே கூச்சக்காரனாக இருப்பவன் கூச்சப்பட்டால் அது சுபாவம். கலகலப்பாக இருந்தவன் வாரக்கணக்கில் அறைக்குள் அடைந்து, நித்திரை தலைகீழாகி, படிப்போ தொழிலோ சரிந்து, கூடவே சந்தேகமும் தொடர்பற்ற பேச்சும் சேர்ந்தால் அது சுபாவம் அல்ல. அதுவும் மனச்சிதைவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. மனச்சோர்வாக இருக்கலாம், தைரொயிட் கோளாறாக இருக்கலாம், ஐஸ் என்கிற போதைப்பொருளின் வேலையாகவும் இருக்கலாம். கஞ்சா இலேசானது என்று இளைஞர்கள் சொல்லிக்கொள்கிறார்கள். சுவீடனில் படைக்குச் சேர்க்கப்பட்ட 45,000க்கு மேற்பட்ட இளைஞர்களை 15 வருடம் பின்தொடர்ந்த ஆய்வு 1987இல் வெளியானது. கஞ்சாவை அதிகம் பாவித்தவர்களுக்கு மனச்சிதைவு வந்த வீதம், தொடாதவர்களை விட ஆறு மடங்கு. எதுவாக இருந்தாலும் வைத்தியர் பார்க்க வேண்டிய விஷயம். எவ்வளவு சீக்கிரம் என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்விக்கு நோர்வேயின் ரோகலாண்ட் பகுதி 1997 முதல் ஒரு பதிலைத் தேடிப் பார்த்தது. பத்திரிகை, வானொலி, சினிமாக் கொட்டகை எங்கும் ஆரம்ப அறிகுறிகளை விளம்பரம் செய்தார்கள். ஆசிரியர்களுக்கும் குடும்ப வைத்தியர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். யாரும் நேரே அழைக்கக்கூடிய ஒரு குழுவை வைத்தார்கள். சிகிச்சையில்லாமல் கழியும் காலம் ஒப்பிட எடுத்த மற்றப் பகுதிகளில் 16 வாரம் என்றால், அங்கே 5 வாரமாகக் குறைந்தது. பத்து வருடம் கழித்துப் பார்த்தபோது, தேறித் தம்பாட்டில் வாழ்ந்தவர்கள் அங்கே 31 வீதம், மற்றப் பகுதிகளில் 15 வீதம். மருந்து இரண்டு பக்கமும் ஒன்றுதான். கிடைத்த நேரம்தான் வேறு. இன்னொரு விஷயத்தை நிர்வாகிகள் கவனிக்க வேண்டும்: விளம்பரத்தை நிறுத்தியதும் அந்த 5 வாரம் மறுபடி 15 வாரத்துக்கு ஏறிவிட்டது. ஒரு செயலமர்வு, ஒரு பெனர், ஒரு குழுப் படம் என்று முடிகிற வேலையல்ல இது.

நேரம் தவறினால் என்னாகும் என்பதற்குப் பீகாரின் வசிஷ்ட நாராயண் சிங்கை விடப் பெரிய உதாரணம் வேண்டியதில்லை. ஏழைக் கிராமத்துப் பிள்ளை. 1969இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் கணிதத்தில் கலாநிதிப் பட்டம். நாடு திரும்பிக் கான்பூர் ஐஐடியில் படிப்பித்தவர். எழுபதுகளில் நோய் பிடித்தது. 1989இல் ரயில் பயணத்தில் காணாமற்போய், நான்கு வருடம் கழித்துப் பரதேசிக் கோலத்தில் கண்டெடுக்கப்பட்டார். 2019இல் மரணம், அதற்குப் பிறகுதான் பத்மஸ்ரீ.

இனி இம்மடல் கேட்க வந்த காரியம்.

வைத்தியசாலையின் முறை நோயாளியை நடுவில் வைத்துக் கட்டப்பட்டது. துண்டு நோயாளியின் பெயரில், கிளினிக் கொப்பி நோயாளியின் பெயரில், மருந்தும் அப்படியே. காய்ச்சலுக்கும் சீனிக்கும் அது சரி. மனச்சிதைவின் தொடக்கத்திலோ நோயாளி வரமாட்டார். தனக்கு நோய் என்று உணராமலிருப்பது இந்நோயின் குணங்களில் ஒன்று. இருபத்திரண்டு வயது ஆணை உம்மா கையைப் பிடித்துக் கூட்டிவர முடியாது. "உனக்கு மண்டைப் பிழை, வா" என்று சொன்னால் உள்ள நம்பிக்கையும் போய்விடும். ஆகவே வீடு காத்திருக்கிறது. அவன் யாரையாவது அடிக்கும்வரை, அல்லது வீட்டை விட்டுப் போகும்வரை. அதன் பிறகு பொலிஸ் ஜீப், கயிறு, ஊசி. வைத்தியத்தோடு அவனுக்கு ஏற்படும் முதல் அறிமுகமே அதுவானால், வாழ்நாள் முழுக்க மருந்து போடு என்றால் போடுவானா?

மகளாக இருந்தால் காத்திருப்பு இன்னும் நீளம். கலியாணப் பேச்சு கெட்டுவிடும் என்று வாய் திறக்கமாட்டார்கள். மகனுக்கோ, கலியாணம் கட்டிவைத்தால் சரியாகும் என்ற யோசனை வரும். இந்தக் கரையில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவது. ஆகவே அந்த யோசனை நோயை ஒன்றும் அறியாத இன்னொரு வீட்டுக்கு இடம்மாற்றும், அவ்வளவுதான். ஆனால் அதே வழக்கத்தில் ஒரு நன்மையும் இருக்கிறது. முப்பது வயதான மகளும் இங்கே உம்மாவின் வளவுக்குள்ளேதான் இருக்கிறாள். அவள் சமைக்க மறந்ததையும், கைப்பிள்ளை அழுவது கேளாததுபோல் இருந்ததையும் முதலில் காண்பவர் உம்மாதான். பார்க்கும் கண் ஊரில் இருக்கிறது. கேட்கும் காதுதான் இல்லை.

குடும்பத்தின் பங்கு பெரியது என்பது வெறும் ஊர்ப்பெருமை அல்ல. நான்சி வாக்ஸ்லர் என்ற ஆய்வாளர் இலங்கையில் முதன்முறை வைத்தியசாலையில் சேர்க்கப்பட்ட 44 மனச்சிதைவு நோயாளரை ஐந்து வருடம் பின்தொடர்ந்து 1979இல் எழுதினார். செல்வந்த நாடுகளை விட இங்கே அதிகம் பேர் தேறியிருந்தார்கள். "இவன் இனி இப்படித்தான்" என்று வீடு முத்திரை குத்தாததை அவர் ஒரு காரணமாகச் சொன்னார். சென்னையில் உளமருத்துவர் சாரதா மேனன் 1984இல் தொடக்கிய ஸ்கார்ஃப் நிறுவனம் அண்மைக் காலத்தில் கனடாவின் மொன்றியல் நகர ஆய்வாளர்களோடு சேர்ந்து, முதல்முறை நோய் கண்டவர்களை இரண்டு வருடம் கவனித்தது. முகவாட்டம், ஒதுங்கல், உற்சாகமின்மை போன்றவற்றில் சென்னை நோயாளர் கூடுதலாகத் தேறினார்கள். அங்கே குடும்பத்தின் ஈடுபாடும் கூடுதலாக இருந்தது.

மட்டக்களப்புக்கும் இது புதிதில்லை. 2000களின் தொடக்கத்தில், யுத்தத்துக்கும் சுனாமிக்கும் நடுவே, உளமருத்துவர் மகேசன் கணேசன் இங்கே உளநலச் சேவையை வார்டுக்கு வெளியே கொண்டுபோனார். உள்ளூர் ஆட்களையே பயிற்றி வேலையில் இறக்கினார். ஆளும் பணமும் அற்ற காலத்தில் செய்ய முடிந்ததை இன்று செய்ய முடியாது என்று சொல்வது கஷ்டம்.

ஓதிப் பார்ப்பதை நிறுத்தச் சொல்லி இம்மடல் எழுதப்படவில்லை. இசுமு என்கிற தாயத்தைக் கட்டுவதா இல்லையா என்பது அவரவர் நம்பிக்கை. ஆனால் தமிழ்நாட்டின் ஏர்வாடியில் 2001 ஓகஸ்ட் 6 அன்று, தர்காவுக்கு நேர்ச்சையாகக் கொண்டுவந்து தனியார் கொட்டகையில் சங்கிலியிட்டு வைக்கப்பட்டிருந்த நோயாளரில் 28 பேர் தீயில் எரிந்து மாண்டார்கள். சங்கிலிதான் அவர்களைக் கொன்றது, துஆ அல்ல. பின்னாளில் குஜராத்தின் உனாவா தர்காவிலும் ஏர்வாடியிலும் தர்காவுக்குப் பக்கத்திலேயே மனநல வைத்தியர்கள் உட்கார்ந்து துஆவும் மருந்தும் கைகோர்க்க வழிசெய்தார்கள். ஏறாவூர் மௌலவிமாருக்கு அரைநாள் ஒதுக்கி அறிகுறிகளைச் சொல்லிக்கொடுத்தால், ஓதிய தண்ணீரைக் கொடுக்கும் அதே கையால் அவர்கள் வைத்தியசாலைக்கும் வழிகாட்டுவார்கள்.

பணிப்பாளர் அவர்களே, கோரிக்கை சிறியது. ஏறாவூர் ஆதார வைத்தியசாலையில் வாரத்தில் ஒரு பிற்பகல், பெற்றோர் மட்டும், பிள்ளையைக் கூட்டிவராமல், பேசிவிட்டுப் போக ஓர் அறையும் உளநலப் பயிற்சி பெற்ற ஒரு வைத்தியரும். அங்கே அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க நிறைய இருக்கிறது. பிள்ளையின் சந்தேகத்தோடு வாதாடவும் வேண்டாம், ஆமாம் போடவும் வேண்டாம். "பைத்தியம்" என்ற பேச்சை எடுக்காமல் "நித்திரைக்கு மருந்தெடுப்பம் மகன்" என்று தொடங்கலாம்; நித்திரையில்லாத வேதனை அவனுக்கும் உண்டு, பலர் அந்த வாசலால்தான் வருகிறார்கள். தேத்தண்ணியில் குளிசையைக் கரைத்துக் கொடுக்கக்கூடாது. சோற்றில் நஞ்சு என்று பயப்படுகிறவன் அதைக் கண்டுபிடித்தால் அவன் சந்தேகம் உண்மையாகிவிடும். உயிரை மாய்க்கும் பேச்சு, அடிதடி, முற்றாகச் சாப்பாட்டை விடுவது என்றால் பொறுக்காமல் அன்றே கொண்டுவர வேண்டும். பெற்றோரே சமாளிக்க முடியாத இடத்தில், ஜீப்புக்கு முன் ஒரு தாதியோ சமூகசேவை உத்தியோகத்தரோ வீட்டுக்குப் போய்வரலாம்.

குடும்பநல உத்தியோகத்தர் எப்படியும் அந்த வீடுகளுக்குப் போகிறார். கைக்குழந்தையின் நிறையைப் பார்த்துவிட்டு எழும்பும்போது, "பெரியவர் எப்படி, நித்திரை கொள்றாரா?" என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கச் சொல்லுங்கள். அடுத்த மாதாந்தக் கூட்டத்திலேயே இதைத் தொடக்கலாம். வாசலில் வைக்கும் அறிவித்தலில் கிழமை, நேரம், அறை இலக்கம், அதற்குக் கீழே "நோயாளியைக் கூட்டிவரத் தேவையில்லை" என்ற ஒரு வரி. அது போதும்.

அந்த அறிவித்தல் வரும்வரை, இதை வாசிக்கும் உம்மா வாப்பாமார் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். தமிழிலும் பேசலாம்.