மோசேயின் கோலுக்கு பில் உண்டா?

2021 செப்டம்பர் கடைசி வாரம். திருவனந்தபுரம் ஆரியசாலையில் எனக்குப் பழக்கமான ஒரு மொத்தக் கடையில், வற்றல் மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து அன்றைய மலையாளப் பத்திரிகையைப் படித்துக்கொண்டிருந்தேன். கொச்சி கலூரில் வீடு பிடித்து, மோசேயின் கோலும் யூதாஸ் வாங்கிய முப்பது வெள்ளிக்காசில் இரண்டும் தன்னிடம் இருப்பதாகச் சொல்லி வந்த மோன்சன் மாவுங்கல் என்பவரை கிரைம் பிராஞ்ச் கைது செய்திருந்தது. நான் ஒவ்வொன்றாக வாசித்துச் சொன்னேன். கடைக்காரர் அண்ணாச்சிக்கு நாகர்கோவில் பக்கம் பூர்வீகம். சாலைக் கம்போளத்துக்கு வந்து இரண்டு தலைமுறை ஆகிறது. பேரேட்டிலிருந்து தலை நிமிராமல் கேட்டார்: “அந்தக் கம்புக்கு பில்லு உண்டுமா சார்?”

சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான், அந்தக் கலூர் வீட்டுக்குப் போய் வந்த பெரிய மனிதர்கள் யாரும் கேட்காத கேள்வி அது என்று உறைத்தது.

தொலைந்துபோன புனிதப் பொருள் ஒன்று கண்முன் வந்தால் மனிதர்கள் என்ன செய்வார்கள்? விழுந்து கும்பிடுவார்கள், இல்லையென்றால் சந்தேகப்படுவார்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கலூரில் நடந்தது மூன்றாவது வகை. பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். திப்பு சுல்தானின் சிம்மாசனம் என்று அங்கே வைத்திருந்த நாற்காலியில் மாநிலக் காவல்துறையின் தலைவராக இருந்தவர் உட்கார்ந்திருக்க, இன்னோர் உயரதிகாரி பக்கத்தில் வாளோடு நிற்கும் படம் கேரளம் முழுக்கப் பரவியது. அந்தச் சிம்மாசனம் சேர்த்தலைப் பக்கத்துத் தச்சுவேலை என்று பிறகு செய்தி வந்தது.

அந்த வீட்டுச் சரக்கின் பட்டியலைப் பார்த்தால் ஆளின் சாமர்த்தியம் புரியும். மோசேயின் கோல் ஒரு பக்கம். யசோதை வெண்ணெய் வைத்த, கண்ணன் கைவிட்ட உறி இன்னொரு பக்கம். நபிகள் பயன்படுத்திய விளக்கு வேறு. மூன்று சமயத்தாரும் வெறுங்கையோடு திரும்பிவிடக் கூடாது என்ற அக்கறை! கேரளத்தின் மத நல்லிணக்கத்தை இவ்வளவு துல்லியமாகப் புரிந்துகொண்டு கடை விரித்தவர் வேறு யாரும் இருப்பாரா தெரியவில்லை.

புகார் கொடுத்தவர்கள் ஆறு பேர். போன பணம் சுமார் 10 கோடி ரூபாய் என்பது அவர்கள் கணக்கு. இதில் கவனிக்க வேண்டியது, கோலைக் கொடுத்துப் பணம் வாங்கவில்லை என்பதுதான். வளைகுடா அரச குடும்பங்களுக்குப் பழம்பொருள் விற்ற வகையில் இரண்டரை லட்சம் கோடிக்கும் மேல் வங்கியில் முடங்கிக் கிடக்கிறது, அதை மீட்கக் கொஞ்சம் செலவாகும், உதவுங்கள் என்பதே கதை. கோலும் காசும் அந்தக் கதைக்கு வைத்த ஈடு.

1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைப் பொக்கிஷச் சட்டப்படி நூறாண்டு கடந்த கலைப்பொருள் தொல்பொருள். அதை விற்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும். நாட்டைவிட்டு வெளியே அனுப்புவதோ மத்திய அரசுக்கும் அது அதிகாரம் கொடுத்தவர்களுக்கும் மட்டுமே முடியும். ஆகவே அந்தக் கதை பொய்யென்றால் மோசடி, மெய்யென்றால் கடத்தல். கேட்டுக்கொண்டிருந்த காவல் அதிகாரிக்கு இரண்டில் எதை நம்பினாலும் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருந்தது. நம்புவதுமில்லை, நம்பாமலிருப்பதுமில்லை என்கிற ஒரு சுகமான நிலை இருக்கிறதே, அதில்தான் எல்லோரும் நின்றார்கள். தொல்லியல் துறையினர் வந்து பார்த்துப் பெரும்பாலானவை பழம்பொருளே அல்ல என்று சொன்ன பிறகுதான் அந்த மயக்கம் தெளிந்தது.

அண்ணாச்சியின் கடைக்கு எதிர்வரிசையில் ஒரு பொற்கொல்லர் பட்டறை இருந்தது. நகையை உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்து, கோட்டைச் சாய்த்துப் பார்த்துவிட்டு மாற்றுச் சொல்லிவிடுவார். பொன்னுக்கு அது போதும். யார் கையில் இருந்தாலும் பொன் பொன்தான். கோலை எந்தக் கல்லில் உரைப்பது? அதன் மதிப்பெல்லாம் அதைப் பற்றிச் சொல்லப்படும் கதையில் இருக்கிறது. நேற்று யாரிடம் இருந்தது, அதற்கு முன் யாரிடம், எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்கு வந்தது? இந்தக் கைமாறிய கணக்குதான் அதற்கு உரைகல். கணக்கு இல்லாதவன் அந்த இடத்தில் பெரிய மனிதர்களின் படத்தை மாட்டிவைக்கிறான்.

பொன்னுக்கு உரைகல் உண்டு என்பதால் அங்கே அமைதி நிலவிவிடும் என்றும் சொல்ல முடியாது. ஆரியசாலையிலிருந்து சாலைத் தெரு வழியே நேராக நடந்தால் கிழக்கேகோட்டை. தாண்டினால் பத்மநாபசுவாமி கோயில். உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 2011 ஜூன் கடைசியில் அங்கே நிலவறைகளைத் திறந்து கணக்கெடுத்தார்கள். அதிகாரபூர்வமான மதிப்பீடு எதுவும் வருவதற்குள் ஒரு லட்சம் கோடி என்று பத்திரிகைகள் எழுதின. முதல் இரண்டு நாள் சாலைக் கம்போளமே கோயில் திசை நோக்கிக் கும்பிட்டது. மூன்றாம் நாள் ஒருவர் என் கண்முன்னே பழைய பில்லின் பின்பக்கம் வகுத்தல் போட்டார். அந்த ஆண்டின் மக்கள்தொகைக் கணக்குப்படி கேரளத்தில் 3.34 கோடிப் பேர். தலைக்குக் கிட்டத்தட்ட முப்பதாயிரம். “தமிழ்நாட்டு ரேஷன் கார்டு வச்சிருக்கவனுக்குக் கிடையாது பாத்துக்கிடும்” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். ஆஸ்பத்திரி கட்டலாம், ரோடு போடலாம், கடனை அடைக்கலாம் என்று ஆளுக்கொரு யோசனை. பெருமாள் சொத்தில் கைவைக்க நீ யார் என்று எதிர்க்குரல். உண்மையா என்று யாரும் கேட்கவில்லை. யாருடையது என்றுதான் கேட்டார்கள்.

பிறகு பாம்பு காக்கிறது என்ற கதை வந்தது. ‘பி’ நிலவறையின் உட்கதவைத் திறந்தால் கேடு வரும் என்றார்கள். ஆகஸ்டில் நடந்த தேவபிரச்னமும் திறக்கக் கூடாது என்றது. வழக்குப் போட்ட டி.பி. சுந்தரராஜன் ஜூலையில் காலமானதும் அந்தப் பயத்துக்குக் கால் முளைத்தது. அவருக்கு எழுபது வயதாகியிருந்தது என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இத்தனைக்கும், 1990க்குப் பிறகு அந்த அறை குறைந்தது ஏழு முறை திறக்கப்பட்டிருக்கிறது என்று முன்னாள் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் வினோத் ராயின் தணிக்கை அறிக்கை சொன்னது. திறந்தது வெளியறைதான், உள்ளறை அல்ல என்பது அரச குடும்பத்தின் பதில். உச்ச நீதிமன்றத்தின் 2020 ஜூலை 13 தீர்ப்பு நிர்வாகத்தில் அரச குடும்பத்தின் உரிமையை ஏற்றுக்கொண்டு, அந்தக் கதவை நிர்வாகக் குழுவின் முடிவுக்கு விட்டது. என் கட்சி திறந்து எழுதிவைக்க வேண்டும் என்பதுதான். ஓலைச் சுருணைகளில் நூற்றாண்டுகளாகக் கணக்கு எழுதி வந்த கோயில் அது. அங்கே எதுவும் தொலையவே இல்லை. நாம்தான் புதையல் கிடைத்த மாதிரி துள்ளினோம்.

விவிலியத்தோடு நேரடித் தொடர்புள்ள பொருள் நம் பக்கத்தில் ‘கண்டெடுக்கப்பட்ட’ கதை மயிலாப்பூரில் இருக்கிறது. இயேசுவின் சீடர் தோமாவின் கல்லறை என்று கருதப்பட்ட இடத்துக்குக் கிறிஸ்தவரும் முகமதியரும் சேர்ந்தே போவார்கள், அங்கிருந்து செம்மண்ணை எடுத்துப்போய்க் காய்ச்சல்காரர்களுக்குக் கரைத்துக் கொடுப்பார்கள் என்று 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்கோ போலோ எழுதினார். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துவார்த்தே பார்போசா எழுதும்போது, ஒரு ஏழை முஸ்லிம் பிச்சையெடுத்து அந்தக் கல்லறைக்கு விளக்கேற்றிக் காத்து வந்தார். இந்துக்களும் காணிக்கை கொடுத்தார்கள்.

1523இல் போர்த்துகீசியர் தோண்டினார்கள். எலும்புகள், ஓர் ஈட்டி முனை, மண் நிரம்பிய ஒரு கலயம். பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். விளக்கேற்றியவரைப் பற்றி அதன் பிறகு பேச்சில்லை. தோமாவின் எலும்புகள் 1258 முதலே இத்தாலியின் ஓர்த்தோனாவில் இருப்பதாக அவ்வூரார் சொல்லி வந்தார்கள், இன்றும் சொல்கிறார்கள். 1953இல் அங்கிருந்து ஒரு கையெலும்பைக் கர்தினால் திசெரான் கொடுங்கல்லூர்ப் பக்கம் அழிக்கோட்டுக்குக் கொண்டுவந்தார். ஆக ஒரே அப்போஸ்தலருக்கு மயிலாப்பூரிலும் ஓர்த்தோனாவிலும் உரிமை கோருகிறார்கள். இதைச் சொல்லி யாரையும் கேலி செய்ய எனக்கு விருப்பமில்லை. கண்டெடுப்பதற்கு முன்னால் மூன்று சமயத்தாரும் புழங்கிய இடம், கண்டெடுத்த பிறகு ஒருவர் பூட்டுக்குள் போனது என்பதுதான் என்னை உறுத்துகிறது.

விஞ்ஞானம் வந்து தீர்த்துவைக்கும் என்கிறீர்களா? ‘இயேசுவின் சகோதரன் யாக்கோபு’ என்று பொறித்த எலும்புப் பெட்டி 2002இல் வெளிச்சத்துக்கு வந்தது. மறு ஆண்டு இஸ்ரேல் தொல்பொருள் துறை அந்த எழுத்து போலி என்றது. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்து 2012இல் உரிமையாளர் போலிக் குற்றச்சாட்டிலிருந்து விடுதலையானார். விடுதலையால் எழுத்து அசல் என்று ஆகிவிடாது என்றும் நீதிபதி சொல்லிவிட்டார். அதுவும் கைமாறிய கணக்கு சரியாக இல்லாத பெட்டிதான்.

சரி, கணக்கு இல்லாத எதையும் நம்பக் கூடாதா என்று கேட்டால் நானே மாட்டிக்கொள்வேன். ஒவ்வொரு நவராத்திரிக்கும் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரம் வரும் தேவாரக்கட்டு சரஸ்வதி, கம்பர் பூசித்த விக்கிரகம் என்பது ஐதீகம். சான்று கேட்டால் மோசேயின் கோலுக்கு என்ன உண்டோ அதுதான் இதற்கும். ஆனால் கம்பர் பெயரைச் சொல்லி யாரும் யாரிடமும் கடன் கேட்கவில்லை. கம்பர் தொட்டதே இல்லை என்று நாளைக்கே எவராவது நிறுவினாலும் அம்மன் யானையேறி வந்துகொண்டுதான் இருப்பாள். கொண்டுவந்து கொண்டுபோகும் விதத்துக்கு வேண்டுமானால் எத்தனை சாட்சியும் உண்டு. பத்மநாபபுரம் அரண்மனையில் உடைவாளைக் கைமாற்றும்போது இரு மாநிலத்தாரும் நிற்பார்கள். 1956இல் எல்லை பிரிந்ததிலிருந்து மூர்த்திகள் தமிழ்நாட்டைச் சேர்ந்தவை, கொலுவிருப்பது கேரளத்தில்; களியக்காவிளையில் வரவேற்பும் போலீஸ் அணிவகுப்பும் நடக்கும். விழா முடிந்ததும் எல்லாம் வந்த வழியே ஊர் திரும்பிவிடும்.

சரஸ்வதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்துக்கும், கூட வரும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கை செந்திட்டைக்கும், வேளிமலைக் குமாரசுவாமி எங்கள் ஆரியசாலைக்கும் பிரிந்து போவார்கள். குமாரசுவாமி இங்கே வந்து சேரும்போது பெரும்பாலும் இருட்டிவிடும். அண்ணாச்சி கடையை அடைக்க மாட்டார். நாகஸ்வரம் நெருங்கும்போது தராசுத் தட்டிலிருந்த மல்லியை அப்படியே விட்டுவிட்டுப் படியிறங்கி, செருப்பைக் கழற்றிப்போட்டுக் கும்பிடுவார். ஊர்வலம் தாண்டியதும் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, தட்டு அசையாமல் நிற்கிறதா என்று குனிந்து பார்ப்பார்.