மரக்காணம் மாணவருக்கும் பைத்தான் 3.14

பைத்தான் நிரல்மொழியின் 3.14ஆம் பதிப்பு 2025 அக்டோபர் 7 அன்று வெளியானது. சரியாக ஒரு வாரம் கழித்து, அக்டோபர் 14 அன்று, விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு அளித்துவந்த வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. இவை ஒன்றோடொன்று தொடர்பற்ற நிகழ்வுகளே. ஆயினும் மரக்காணம் உப்பளக் கரையின் அரசுப் பள்ளி மாணவரை முன்வைத்துப் பார்த்தால், பாடநூல் கற்கச் சொல்லும் மொழியை அவர் எந்தக் கணினியில், எத்தனை ஆண்டுகளுக்கு, யாருடைய தயவில் ஓட்டுவது என்ற ஒரே கேள்வியில் இரண்டும் வந்து சேர்கின்றன. அரசுப் பள்ளி ஆய்வகங்களை முழுமையாக லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாற்றி, அவற்றில் நிறுவப்படும் பைத்தானுக்குக் கால அட்டவணையுடன் கூடிய புதுப்பிப்புத் திட்டம் ஒன்றை அறிவிப்பதே தமிழ்நாடு அரசு அளிக்கக்கூடிய நேர்மையான விடை.

பைத்தான் 1991இல் நெதர்லாந்தைச் சேர்ந்த கைடோ வான் ராஸம் வெளியிட்ட மொழி. அதன் மூலநிரலை, அதாவது அம்மென்பொருள் எழுதப்பட்டிருக்கும் வரிகளை, எவரும் படிக்கவும் திருத்தவும் கட்டணமின்றிப் பகிரவும் உரிமை உண்டு என்பதால் அது திறமூல மென்பொருள் எனப்படுகிறது. ஒரு நிரலின் பல இழைகளைச் செயலியின் பல உள்ளகங்களில் ஒரே நேரத்தில் ஓடவிடாமல் இதுவரை தடுத்துவந்த உட்பூட்டு நீக்கப்பட்ட வடிவத்துக்கு அதிகாரபூர்வ ஆதரவு கிடைத்திருப்பதே புதிய பதிப்பின் பெரிய செய்தியாகப் பேசப்படுகிறது. ஆய்வு நிறுவனங்களுக்கு அது பெரிதுதான். பள்ளிக்கூடத்துக்குப் பெரிது வேறொன்று: மொழியின் கட்டளைச் சொல் ஒன்றில் ஓரெழுத்து பிசகினால், இலக்கணப் பிழை என்று மட்டும் சொல்லி நின்றுவிடாமல், எழுத நினைத்த சொல் எதுவாக இருக்கலாம் என்பதையும் இப்பதிப்பு சுட்டுகிறது. ஆங்கிலச் சொற்களை எழுத்துக்கூட்டியே தட்டச்சிடும் தமிழ்வழி மாணவருக்கு இதைவிட உதவியான திருத்தம் அண்மைக் காலத்தில் வந்ததில்லை எனலாம்.

அத்திருத்தம் மரக்காணம் மாணவரை எட்டுமா என்பது வேறு கேள்வி. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் உப்புப் பாத்திகளில் மழைநீர் ஏறி வேலை நின்றுவிடும்; அம்மாதங்களுக்கென்று உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கும் திட்டத்தை அரசே நடத்துகிறது. 2024 நவம்பர் 30 அன்று இக்கரையை ஒட்டிக் கடந்த ஃபெஞ்சல் புயலின்போது உப்பளங்கள் வெள்ளத்தில் மூழ்கின. இத்தகைய வருமானத்தில் வாழும் வீட்டில் புதிய கணினி இருக்கும் என்று கருதிக்கொண்டு கல்வித் திட்டம் வகுக்க இயலாது. பள்ளி ஆய்வகத்துப் பழைய கணினியைக் கணக்கில் கொண்டுதான் வகுக்க வேண்டும்.

பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் 2019 முதல் பைத்தானைக் கற்பிக்கிறது. ஆனால் 2020இல் வந்த 3.9ஆம் பதிப்பு தொடங்கி எந்தப் பைத்தானும் பழைய கணினிகளில் இருக்கக்கூடிய விண்டோஸ் 7இல் நிறுவப்படுவதில்லை. அதில் ஓடிய கடைசிப் பதிப்பான 3.8க்குரிய ஆதரவு 2024இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கோ டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும் மைக்ரோசாஃப்ட் ஏற்கும் செயலியும் தேவை. லினக்ஸுக்கு இந்நிபந்தனைகள் இல்லை என்பதால், 64 பிட் செயலியுள்ள பழைய கணினியும் புதிய பைத்தானை ஓட்டும். அதற்கும் எல்லை உண்டு: 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13 என்னும் லினக்ஸ் பதிப்பு, 32 பிட் கணினிகளுக்கான நிறுவியைக் கைவிட்டுவிட்டது. பதினோராம் வகுப்பு நூலின் நிலை இன்னும் விசித்திரமானது. ஓர் இயலில் உபுண்டு லினக்ஸை அறிமுகப்படுத்திவிட்டு, சி++ கற்பிக்கும்போது விண்டோஸுக்கென உருவான தேவ் சி++ மென்பொருளை அது கையில் கொடுக்கிறது.

தமிழ்நாட்டுக்கு லினக்ஸ் புதிதன்று. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோதே மாநில அரசின் எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸுக்கு மாறியது; 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் விண்டோஸும் அருகருகே இடம்பெற்றன. இரண்டையும் கொடுத்து ஒதுங்கிக்கொண்டதுதான் பிழை, ஏனெனில் பாடமும் பயிற்சியும் எதைச் சார்ந்திருந்தனவோ அதுவே நிலைத்தது. கேரளம் ஒதுங்கவில்லை. அம்மாநிலத்தின் கைட் நிறுவனம் பள்ளிகளுக்கென்றே தனி லினக்ஸ் பதிப்பைத் தயாரித்து, பாடநூலையும் ஆசிரியர் பயிற்சியையும் அதன்மேல் அமைத்து, 18.04, 22.04 எனப் பதிப்பு பதிப்பாகப் புதுப்பித்தும் வருகிறது.

ஆண்டுதோறும் அக்டோபரில் புதிய பைத்தான் வந்தால் ஆசிரியர் எதைப் பின்பற்றுவது என்ற தடை நியாயமானது. 2008இல் வந்த பைத்தான் 3, பழைய நிரல்களை ஓடவிடாமல் செய்து ஏற்படுத்திய குழப்பம், 2020இல் பைத்தான் 2 ஓய்வு பெறும்வரை நீடித்ததையும் மறுக்க முடியாது. ஆனால் பைத்தான் 3 வரிசைக்குள் அத்தகைய முறிவு நிகழவில்லை. ஒவ்வொரு பதிப்புக்கும் ஐந்தாண்டு ஆதரவு இருப்பதால், ஒன்றைத் தேர்ந்து மூன்று ஆண்டுகளுக்கு வைத்திருந்து, பின்னர் கோடை விடுமுறையில் அடுத்ததற்கு மாறினால் போதும். இணைய வேகத்தை நம்பியிராமல் நிறுவியையும் தேவையான நிரல் நூலகங்களையும் மாவட்டக் கல்வி அலுவலகம் பென் டிரைவில் பள்ளிகளுக்கு அனுப்பலாம். கிராமப்புற மாணவர்களுக்குத் திறமூல மென்பொருள்களைக் கற்பித்துவரும் விழுப்புரம் க்னூ/லினக்ஸ் பயனர் குழு போன்ற தன்னார்வலர்களை ஆசிரியர் பயிற்சிக்கு அழைக்க எந்தத் தடையும் இல்லை.

கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்கப்படும் என்று 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் அறிவித்தது. அதற்கு ஆகும் செலவுடன் ஒப்பிட்டால் இருக்கும் பள்ளிக் கணினிகளில் லினக்ஸை நிறுவும் செலவு அற்பம். உரிமக் கட்டணம் என்று ஒன்று அதில் இல்லவே இல்லை. எத்தனை ஆய்வகக் கணினிகள் 64 பிட் வகையைச் சேர்ந்தவை என்ற கணக்கெடுப்பைப் பள்ளிக் கல்வித் துறை முதலில் நடத்தி, ஜூனில் பள்ளிகள் திறக்கும் முன் மாற்றத்துக்கான ஆணையைப் பிறப்பிக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வை லினக்ஸ் கணினியில் எழுதலாம் என்ற வரியும் அவ்வாணையிலேயே இடம்பெற வேண்டும். அது இல்லாவிட்டால் தேர்வுக்கு அஞ்சும் எந்தத் தலைமையாசிரியரும் ஆய்வகத்தை மாற்றத் துணியமாட்டார்.