வரிக் குறைப்பும் ஸ்டெபிலைசரும்

2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கும் உழவுக் கருவிகளுக்கும் உரிய சரக்கு மற்றும் சேவை வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகவும், டிராக்டரின் ஹைட்ராலிக் உறுப்புகளுக்கு உரியது 18-இலிருந்து 5 ஆகவும் குறைந்துள்ள நிலையில், லோயர் லிங்க்குகளின் பக்கவாட்டு ஆட்டத்தைக் கட்டுப்படுத்தும் செக் செயினைக் (சங்கிலியை) கழற்றிவிட்டு டெலஸ்கோப்பிக் ஸ்டெபிலைசரை, அதாவது குழாய்க்குள் நகர்ந்து, பின் செருகிப் பூட்டப்படும் தண்டை, மாட்டலாமா என்ற கேள்வி பட்டறைகளில் எழுவது இயல்பே. மாட்டலாம் என்பதே இவ்விதழின் நிலைப்பாடு. ஆனால் அதை ஏந்தும் பிராக்கெட்டின் இடத்தைப் பார்த்த பிறகே அதைச் செய்ய வேண்டும்.

ஸ்டெபிலைசரின் முன்முனை லோயர் லிங்க்கின் சுழல் அச்சிலேயே அமைந்தால்தான் ஏற்ற இறக்கம் முழுவதிலும் அதன் நீளம் மாறாமல் இருக்கும். அச்சு விலகியிருந்தால், இழுவிசையை மட்டும் தாங்கும் சங்கிலி ஓரிடத்தில் தளர்ந்து ஓரிடத்தில் இறுகும்; அமுக்கத்தையும் தாங்கும் தண்டோ வட்டத்துளையில் பூட்டப்பட்டிருக்கையில் தன்னை ஏந்தும் பிராக்கெட்டையே முறித்துவிடும். ஆகவே எந்த உயரத்தில் மிக இறுகுகிறதோ அந்த உயரத்தில் நிறுத்தித்தான் சங்கிலியின் நீளத்தை மாற்றும் டர்ன்பக்கிளைத் திருக வேண்டும்.

சட்டிக் கலப்பைக்கும் இறகுக் கலப்பைக்கும் வேலையின்போது பக்கவாட்டில் சில சென்டிமீட்டர் ஆட்டம் தேவை. அது இல்லையெனில் கலப்பையின் பக்க இழுப்பு முழுவதும் ஸ்டியரிங்கில் வந்து விழும். ரோட்டவேட்டருக்கும் விதைப்புக் கருவிக்கும் நேர்மாறாக, இரு டயர்களிலிருந்தும் லிங்க் வரையுள்ள இடைவெளியை அளந்து சமமாக்கி, ஆட்டம் ஏறக்குறைய இல்லாதபடி இறுக்க வேண்டும். ஏனெனில் ரோட்டவேட்டர் பக்கம் சாய்ந்தால் பிடிஓ தண்டின் மூட்டுக்கோணம் கூடும், விதைப்புக் கருவி சாய்ந்தால் அடுத்தடுத்த ஓட்டங்களின் வரிசை இடைவெளி கெடும். லோயர் லிங்க் முனைகளுக்கிடையே 825 மி.மீ. இடைவெளி கொண்ட இரண்டாம் வகை இணைப்பில் 683 மி.மீ. கொண்ட முதல் வகைக் கருவியை மாட்டும்போது ஒவ்வொரு லிங்க்கும் 71 மி.மீ. உள்வாங்குவதால், முந்தைய அமைப்பை அப்படியே விட்டுவைப்பது தவறு.

இவ்வளவும் பணிமனையில் உள்ளோர் அறிந்தவை. அறியாதவர் வாடகை டிராக்டரின் ஓட்டுநர். அவர் ஒரே நாளில் காலையில் கொத்துக் கலப்பையும் மாலையில் ரோட்டவேட்டரும் மாட்டுகிறார், சங்கிலியைத் தொடுவதே இல்லை. வேளாண் இயந்திரமயமாக்கலுக்கான துணை இயக்கம் 2014-15 முதல் மானியத்தை வாரி வழங்கியபோதும், ஓட்டுநரின் கைக்கு எட்டும் தமிழில் ஸ்டெபிலைசர் அமைப்பைப் படத்தோடு விளக்கும் ஒரு தாளைக் கருவியோடு கட்டாயமாக்க அதிகாரிகள் முனையவில்லை. ஐஎஸ் 4468 என்னும் இந்தியத் தரநிலை இந்த இணைப்பின் அளவுகளை வகுக்கிறது. அந்த அளவுகளை வயலில் எப்படிக் கையாள்வது என்று ஓட்டுநருக்குக் கற்பிக்கும் பொறுப்பைத் துறையும் ஏற்கவில்லை, தயாரிப்பாளரும் ஏற்கவில்லை. பிடிஓ தண்டின் கிராஸ் மூட்டு உடைந்தாலும் டயரின் பக்கச்சுவர் கிழிந்தாலும் பழி ஓட்டுநர் மேல் விழுகிறது, செலவு உழவர் தலையில் ஏறுகிறது. மானியத்தில் பங்குபெற்ற எந்த அலுவலகமும் அதற்கு விடைசொல்வதில்லை. விலையைக் குறைக்க ஒரே கூட்டத்தில் முடிவெடுக்க முடிந்த அரசுகளுக்கு, ஒரு தாளை அச்சிட்டுத் தருவது ஏன் இத்தனை ஆண்டுகளாக இயலவில்லை என்பதற்கு ஏற்கத்தக்க காரணம் எதுவும் இல்லை.

அந்தத் தாள் வரும்வரை, ரோட்டவேட்டரை ஒப்படைக்கும் ஒவ்வொரு மெக்கானிக்கும் ஓட்டுநரின் கையாலேயே ஒருமுறை டர்ன்பக்கிளைத் திருக வைத்து, முழு உயரத்திற்குத் தூக்கியும் தரையில் இறக்கியும் டயர் இடைவெளியை அளக்கச் செய்த பிறகே ஒப்புகையில் கையெழுத்துப் பெற வேண்டும்.