கணையம் என்றதும் மரண அறிவித்தலா?

கொட்டாஞ்சேனையில் நண்பர் ஒருவரின் வீடு. அவர் உள்ளறையில் விழித்திருக்க, உறவினர் மரண அறிவித்தலுக்குப் படம் தெரிவுசெய்துகொண்டிருந்தனர். "கணையப் புற்றுநோய், மூன்று மாதந்தானாம்." திசுப் பரிசோதனை அறிக்கையை எவரும் பிரித்துப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன், 'நியூரோஎண்டோகிரைன் கட்டி' என்றிருந்தது.

அது வேறு நோய், ஐயா! கணையத்தில் ஹோர்மோன் சுரக்கும் கலங்களில் தோன்றுவது. வழமையான கணையப் புற்றுநோயில் ஐந்தாண்டு கடப்போர், அமெரிக்கக் கணக்கின்படி, 100 பேரில் ஏறத்தாழ 13 பேர். இதுவோ கணையத்துக்குள் அடங்கியிருக்கையில் பிடிபட்டால் 90 பேருக்கும் மேல். தொலைவுக்குப் பரவியபின் ஏறத்தாழ நால்வரில் ஒருவர்.

இந்தக் குழப்பத்தில் எங்கள் தொழிலுக்கும் பங்குண்டு. 2011 இல் ஸ்டீவ் ஜொப்ஸ் மறைந்தபோது வெறுமனே 'கணையப் புற்றுநோய்' என்றே எழுதினோம். அவருக்கிருந்ததும் இக்கட்டியே. 2003 இல் கண்டறிந்து, சத்திரசிகிச்சையை ஒன்பது மாதங்கள் தள்ளிப்போட்டும், எட்டாண்டுகள் வாழ்ந்தார்.

பொய் நம்பிக்கை ஊட்டுகிறேன் என்று வெள்ளவத்தை வாசகர் சிலர் சீறக்கூடும். கொல்லாத கட்டி என்று நான் சொல்லவில்லை. நடிகர் இர்பான் கான், தமக்கு நியூரோஎண்டோகிரைன் கட்டியென 2018 இல் அறிவித்து, 2020 இல் மறைந்தார். ஆகவேதான் தரத்தைக் கேளுங்கள் என்கிறேன். அறிக்கையில் கீ-67 என்றோர் எண் இருக்கும். கலங்கள் பெருகும் வேகத்தைக் காட்டுவது. 3 வீதத்துக்குக் குறைந்தால் முதலாந் தரம். 20 ஐத் தாண்டினால் மூன்றாந் தரம். இதைப் பாராமல் மாதக்கணக்குச் சொல்பவர் சோதிடர்.

நண்பருடையது 2. படத்தை அலுமாரியில் திருப்பி வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.