'மீ'யைக் கண்டா ஏன்யா மிரளுறீங்க?

போன வாரம் ஆபீஸ்ல ஒரு கூத்து. தமிழ் மீடியத்தில் படித்து வந்த தம்பி ஒருத்தன், 'ப்ளீஸ் சென்ட் இட் டு குமார் அண்ட் மீ' என்று மெயில் எழுதியிருந்தான். சுத்தமான ஆங்கிலம். மேனேஜர் அதை எல்லார் முன்னாடியும் 'குமார் அண்ட் ஐ' என்று "திருத்தி", 'இதுகூடத் தெரியாம வேலைக்கு வந்துட்டியா'ன்னு கேலி வேற. அன்னியிலேருந்து தம்பி மெயிலே எழுதுறதில்லை. பக்கத்து சீட்டுக்காரனைக் கெஞ்சி எழுதி வாங்குறான். எனக்குப் பத்திக்கிட்டு வந்தது.

குமாரைத் தூக்கிட்டு வாசிச்சுப் பாருங்க. 'சென்ட் இட் டு ஐ'ன்னு யாராவது சொல்லுவோமா? 'டு', 'ஃபார்', 'பிட்வீன்' இதுக்கெல்லாம் பின்னாடி 'மீ'தான். கூட ஒருத்தர் வந்து நின்னா அது மாறிடாது. தமிழ்ல "குமாருக்கும் எனக்கும் அனுப்பு"ங்கிறோம். "குமாருக்கும் நானும் அனுப்பு"ன்னு ஒண்ணாங்கிளாஸ் பையன்கூடச் சொல்ல மாட்டான்.

அப்புறம் எங்கேருந்து வந்தது இந்த வியாதி? 'மீ அண்ட் குமார் வென்ட்'னு சொன்னா டீச்சர் ஸ்கேலால ஒண்ணு போட்டு 'குமார் அண்ட் ஐ'ம்பாங்க. அங்கே அது எழுவாய், சரிதான். ஆனா காரணத்தைச் சொல்லலை. 'மீ'ன்னா பட்டிக்காடு, 'ஐ'ன்னா படிச்சவன்னு மட்டும் மனசுல பதிஞ்சு போச்சு. இங்கிலாந்து, அமெரிக்காவுலயும் இதே கதைதான்.

நிற்க. 'இட்ஸ் மீ' தப்பு, 'இட் இஸ் ஐ'தான் சரின்னு இன்னொரு கோஷ்டி உண்டு. "நான்தான்"னு சொல்லிப் பழகின நமக்கு அது நியாயமாத்தான் படும். இங்கே தமிழ் கைகொடுக்காது. கதவைத் தட்டினவன் ஆங்கிலத்துல 'இட்ஸ் மீ'ன்னுதான் சொல்றான். 'இட் இஸ் ஐ' லத்தீன் இலக்கணத்துக்குத்தான் பொருந்தும். 1762ல் இலக்கண நூல் எழுதின ராபர்ட் லௌத் அந்தக் கட்சி. அதே காலத்துல 'இட் இஸ் மீ'க்காகப் பரிஞ்சு பேசினவர் ஜோசப் பிரீஸ்ட்லி. ஆமாங்க, ஆக்சிஜன் பிரீஸ்ட்லியேதான்!

இலக்கணம் தெரியாதது ஒரு குத்தமில்லை. அரைகுறையாத் தெரிஞ்சதை வச்சு அடுத்தவன் வாயை அடைக்கிறீங்க பாருங்க, அதுதான் குத்தம்.

தம்பிகிட்ட சொல்லிட்டேன், நீ எழுதினதுதான் சரி, எழுதுடான்னு. மேனேஜர்கிட்டயும் யாராவது சொல்லணுமே? நாளைக்கு 'குமார் அண்ட் ஐ' போகலாம்னு இருக்கோம். இங்கே 'ஐ' சரிதான் :-)